விரால் குஞ்சுகளைத் தேடியவர்

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பஸ் வேங்கிக்காலைத் தாண்டாமல் நின்றிருந்தபோது ராஜேஸ்வரி மேடத்தின் தம்பி ஏழுமலை போன் செய்தார். "அக்கா போயிடுச்சுங்க மேடம். நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." யார் பார்த்தால் என்ன என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ராஜேஸ்வரி மேடத்தை உங்களில் பலர் விலங்கியல் பேராசிரியராக அறிவீர்கள். நான் பக்கத்து மேசை, தாவரவியல். அவர் பேச்சில் பாதி, சொந்த ஊர் ஏரி மீன்களைப் பற்றித்தான். "இவ்வளவு கவலை அந்த மீனுக்கே இருக்காது மேடம்" என்று கேலி செய்வோம். "அதுக்கும் சேத்துதான் நான் படறேன்" என்பார்.

அந்த ஏரியில் ஒருமுறை பூச்சிமருந்தால் மீன்கள் செத்து மிதந்தன. அதன்பிறகு பூச்சிமருந்து அடிக்கும் டேங்க்கை ஏரியில் கழுவக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டார்கள். நெல்லின் குலைநோய்க்கு அடிக்கும் பூஞ்சைமருந்துக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அந்த மருந்தால் மீன் எதுவும் சாகவில்லையே! அவருடைய தம்பி ஏழுமலையே மதகருகில் டேங்க் கழுவியதை நானும் பார்த்திருக்கிறேன். "பூச்சியக் கொல்றதுதான் விஷம்க்கா. இது பயிருக்கு வைத்தியம்" என்றார். "செத்து மிதந்தா ஊரே ஓடி வரும். சாகாம உள்ளுக்குள்ள கெட்டா எவன்டா வருவான்?" என்றார் மேடம். ஏழுமலை சிரித்துக்கொண்டே கழுவி முடித்தார்.

ஒருநாள் அந்த ஏரி விரால்களை லேபில் அறுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஈரல்கள் வெளிறியிருந்தன. முட்டையிடும் பருவத்தில் சினை பேருக்குத்தான் இருந்தது. "மருந்துதானா?" என்றேன். "அடிச்சுச் சொல்ல ஆதாரம் பத்தலைங்க. வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனா இப்படி ஆகலாம். அதான் பயமா இருக்கு." கையைக் கழுவக்கூடத் தோன்றாமல் நின்றார்.

ஊருக்கு எதுவும் தெரியவில்லை. ஏரி மீனை ஏலம் எடுத்தவர் வருஷா வருஷம் கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விடுவதால் வலை நிறைந்துகொண்டிருந்தது. யாரும் வாங்கி விடாமல் தானாகப் பெருகுவது விரால். மழை பிடித்ததும், செக்கச்செவேலென்று கூட்டமாக மேலே வரும் விரால் குஞ்சுகளைத் தேடி மேடம் கரையோரம் நடப்பார். போன வருஷம் நானும் போனேன். ஒரு கூட்டம்கூடக் கண்ணில் படவில்லை. எதிரில் வந்தவர்கள் கேட்டதெல்லாம், "மீனு சாப்பிடலாம்தானே மேடம்?" என்பதுதான். திரும்பும்போது, "எல்லாருக்கும் அவங்க வயித்தப் பத்திதான் கவலை" என்றார். அன்று அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

காரியத்தன்று அக்காவின் படையலுக்கு விரால் குழம்பு வைக்கவேண்டுமென்று ஏழுமலை விடியலிலேயே வலை போட்டார். கட்லாதான் விழுந்தது. ஈர வேட்டியோடு என்னிடம் வந்தார்.

"விராலே இல்லீங்க மேடம். இனிமே எந்த மருந்து டேங்க்கையும் ஏரிப்பக்கம் கொண்டுபோக மாட்டேன். நிறுத்திட்டா திரும்பப் பெருகிடுமா?"

மேடம் இத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி. பெருகும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆதாரம் பத்தாமல் அவர் ஒன்றும் சொன்னதில்லையே என்று அடக்கிக்கொண்டேன்.

"தெரியலைங்க. மழை வந்ததும் தேடிப் பாக்கலாம்" என்றேன். ஏழுமலையின் முகம் வெளிறிவிட்டது.

ராஜேஸ்வரி மேடத்திடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பயம் ஒன்றுதான். அன்று அதில் பாதியை அவருடைய தம்பிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.