ரத்தினம்மா வண்டியின் இடது முன்சக்கரம்

புத்தூர் ஸ்டாண்டில் வண்டி நிறுத்தும் எல்லோருக்கும் பாகாலாவிலிருந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் முதியோர் பள்ளியில் சேர்ந்து இப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்றிருக்கிறேன். வரி நேராகத்தான் தொடங்குகிறது. பாதிக்கு மேல், வண்டி ரோட்டை விட்டு ஓரம் இறங்குவதுபோலக் கீழே இறங்கிவிடுகிறது. ஆனாலும் எழுதுவது நான்தான். யாரிடமும் எழுதித் தரும்படி கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை புத்தூர் பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி என்னிடம் வந்தார். "பெரியவரே, உங்க ரத்தினம்மா பூட்டாங்க. ஜுரத்துல படுத்தவங்க எழுந்துக்கல" என்றார். என் கையில் சிலேட்டு இருந்தது. ரத்தினம்மா பெயரை எழுதிப் பார்த்தேன். 'த்தி' சரியாக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். கண்டக்டர் நின்றபடியே இன்னொன்றும் சொன்னார்: "அன்னிக்கே எலுமிச்சம்பழம் காட்டிடுச்சின்னு ஸ்டாண்டுல பேசிக்கிறாங்க. ராசியில்லாத வண்டி, வித்துடுன்னு அவங்க அண்ணன், அந்தம்மா பொண்ணு காவேரிகிட்ட சொல்லிக்கினு இருக்காரு."

அதைக் கேட்டதும் என் அழுகை நின்றுவிட்டது. எலுமிச்சம்பழம் என்ன காட்டியது என்று எனக்குத் தெரியும். காரியத்தன்று எல்லோரும் கூடியிருக்கும்போது இதைச் சத்தமாகப் படியுங்கள். அன்று சிரித்தவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். புருஷன் காலமாகி, அவர் ஓட்டிய வாடகைக் காரும் ஓடி ஓய்ந்த பிறகு, ரத்தினம்மா சித்தூரில் ஒரு பழைய கறுப்புக் காரை வாங்கினார். அவர் முதலாளி, நான் டிரைவர்; வயதுக்காக என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். சித்தூரிலிருந்து வரும்போதே வண்டி இடப்பக்கம் இழுத்தது. டயரில் காற்று கம்மி என்று விற்றவர் சொல்லியிருந்தார். காற்று அடித்தோம். அப்படியும் இழுத்தது. "ஊருக்குப் போயி பாத்துக்கலாம் மாமா, கெட்டியா புடி" என்றார் ரத்தினம்மா.

புத்தூரில் கோயில் எதிரே பூஜை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்தினேன். மூன்று நசுங்கின. இடது முன்சக்கரத்தில் வைத்தது மட்டும் நசுங்காமல் தெறித்து, உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. திருத்தணியிலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார்.

"பாத்தியா? சாமியே வேணாங்குது. திருப்பதியில வாங்கறதுக்கு ஆள் வெச்சிருக்கேன். வித்துட்டு எங்கூட வந்துடு. எல்லையும் போட்டுட்டாங்க. திருத்தணி அந்தப் பக்கம் மெட்ராஸோட, புத்தூர் இந்தப் பக்கம் ஆந்திராவோட. இனிமே இங்க உனக்கு இன்னா இருக்குது?"

"எல்லை போட்டவங்க என்னைக் கேட்டா போட்டாங்க? வீடு இங்கதான், வண்டி இங்கதான். உன் வூட்டுத் திண்ணியில குந்திக்கினு நான் சோறு துன்ன மாட்டேன்."

சொல்லிவிட்டு சாக்கடையில் கைவிட்டு அந்தப் பழத்தை எடுத்தார். முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினார். ஒரு பக்கத் தோல் மட்டும் உரசிப் போயிருந்தது. "பாரு மாமா. சக்கரம் நேரா ஏறல. பக்கவாட்டுல தேய்ச்சி தள்ளியிருக்குது. இன்னொண்ணு வெய்யி."

வைத்தேன். அதுவும் தெறித்தது. ஸ்டாண்டிலிருந்து ஒருவர் கத்தினார்: "ஏம்மா, கார் வாங்கினியா, எலுமிச்சம்பழ யேவாரம் பண்றியா?" ரத்தினம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "பொறுக்கிக்கினு போ. ஊறுகா போட்டுத் துன்னு" என்றார்.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினேன். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'டொக் டொக்' என்றது. பேரிங் தேய்ந்திருந்தாலும் அந்தச் சத்தம் வரும், சக்கரம் திரும்புவதற்கு அச்சில் நிற்கும் ஆணியான கிங் பின் தேய்ந்திருந்தாலும் வரும். பிரேக்கை மிதித்தபடி ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். மிதிக்க யாரும் வரவில்லை. அபசகுன வண்டியில் யார் கால் வைப்பார்கள்? ரத்தினம்மா புடவையைச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி, முழு பலத்தோடு மிதித்தார். ஆட்டம் நிற்கவில்லை. கிங் பின்தான் என்று தெரிந்தது. சித்தூரிலிருந்து புதிதாக வாங்கி வந்து மாட்டினேன். 'டொக்' சத்தம் போனது. ஆனால் பழம் மறுபடியும் தெறித்தது.

அப்போது எனக்கே நம்பிக்கை விட்டுப்போனது. "விக்கிறதே நல்லதும்மா" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். "ஒரு கோளாறப் புடிச்சிட்டா இன்னொண்ணு இருக்காதா? மாட்டு வண்டி கோணிக்கினு போனா எங்க நைனா கயிறு போட்டு அளப்பாரு. இதுக்கும் சக்கரந்தானே? அள." கிணற்றுக் கயிறு வந்தது. வலப்பக்கம் முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரைக்கும் பிடித்து முடிச்சுப் போட்டோம். அதே கயிற்றை இடப்பக்கம் பிடித்தால் முடிச்சு இரண்டு விரல் தாண்டி நின்றது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இடது ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு நிறுத்தும் நடு போல்ட் முறிந்து, அச்சு பின்னால் நகர்ந்திருந்தது. அதனால்தான் இழுப்பு, அதனால்தான் பழம் தெறித்தது. வேறெதையும் அந்தப் பழம் சொல்லவில்லை.

போல்ட்டை மாற்றி, அச்சை இடத்தில் நிறுத்தி, கயிறு இரண்டு பக்கமும் ஒத்துப்போன பிறகு பழம் வைத்தோம். சாறு என் சட்டை வரைக்கும் அடித்தது.

அண்ணன் அப்போதும் விடவில்லை. வாங்கும் ஆளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, திருப்பதிக்கு ஓட்டு என்றார். "போவலாம் வா மாமா" என்று ரத்தினம்மாவும் முன்சீட்டில் ஏறினார். ஓட்டினேன். ரேணிகுண்டா தாண்டி ரோடு நேராக வந்த இடத்தில் ரத்தினம்மா சொன்னார்: "கைய எடு மாமா." எடுத்தேன். பின்சீட்டில் அண்ணன், "யோவ், புடிய்யா! புள்ளகுட்டிக்காரன்யா நான்!" என்று அலறினார். வண்டி கோடு போட்டதுபோல் போனது. திருப்பதியில் வாங்கும் ஆள் வீட்டுப் பக்கமே ரத்தினம்மா போகவிடவில்லை. ரயில் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று கூவினார்: "புத்தூர், நகரி, திருத்தணி!" எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்த்துத்தான் கூவினார். மொட்டை போட்ட ஒரு குடும்பம் ஏறியது. "அண்ணா, நீயும் ஏறு. திருத்தணியில எறக்கி உடறேன்" என்றார்.

கிண்டலில் என்னையும் அவர் விட்டதில்லை. ஸ்டாண்டுப் பலகை தெலுங்குக்கு மாறியபோது நான் வருத்தப்பட்டேன். "உனக்கு இன்னா மாமா வருத்தம்? தமிழ்ல எழுதினாலும் தெலுங்குல எழுதினாலும் உனக்கு ரெண்டும் கோலந்தானே" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தீர்கள். இப்போது பாருங்கள், ரத்தினம்மா என்று நானே எழுதுகிறேன். ரத்தினம்மா. ரத்தினம்மா. இதை அவருக்குக் காட்டத்தான் கொடுத்து வைக்கவில்லை.

நான் ஓட்டுவதை நிறுத்தியபோது அந்தக் கயிற்றை என்னிடம் கொடுத்தார். முடிச்சு இன்னும் இருக்கிறது. பழைய வண்டி எதைப் பற்றி யார் என்ன சொன்னாலும், கயிறு போட்டுப் பார்க்காமல் நான் நம்புவதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

ரத்தினம்மா மகளே, காவேரி, வண்டியை விற்காதே. காரியம் முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை கயிற்றோடு வருகிறேன். உன் மாமன் எதிரிலேயே அளப்போம். சக்கரத்துக்குப் பழமும் வைப்போம். தெறித்தால் அடியில் படுத்துப் பார்ப்பேன். நசுங்கினால் ஸ்டேஷன் வாசலில் போய் நின்று, உன் அம்மா கூவிய மூன்று ஊரையும் நீ கூவு. நடந்ததைப் பாகாலா திரும்பியதும் ஸ்டாண்டுக்கு எழுதி அனுப்புகிறேன். அந்தத் தாளில் கயிறு போட்டுக் கோடு கிழித்துக்கொள்வேன். வரி ஓரம் இறங்காது.