கூரை வழியாக வந்த பிரெஞ்சுக்காரி

விடியற்காலையில் அந்தக் கண்ணாடியில் மூக்கை அழுத்தினால் மூக்கு நுனி மரத்துப் போகும். ஆற்றுக் கல்லைத் தொட்டது போன்ற ஒரு குளிர். மூச்சு விட்டால் கண்ணாடியில் பனி படரும். அந்தப் பனியில் நானும் தம்பியும் விரலால் எங்கள் பெயரை எழுதத் தொடங்குவோம், எழுதி முடிப்பதற்குள் அம்மா ஓடிவந்து முந்தானையால் துடைத்துவிட்டு எங்கள் முதுகில் ஆளுக்கொன்று வைப்பாள். அந்த அடி எனக்கு இப்போது நினைவில்லை, குளிர் மட்டும் மூக்கிலேயே இருக்கிறது.

கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கும் லயம். அதில் ஐந்தாவது “காம்பரா” எங்களுடையது. காம்பரா என்றால் ஓர் அறை, அதன் முன்னால் “இஸ்தோப்பு” என்று நாங்கள் சொல்லும் ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். அந்த ஓர் அறைக்குள் அப்பா, அம்மா, நான், தம்பி, ஒரு கட்டில், ஓர் அடுப்பு, பிள்ளையார் எல்லோரும் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. அம்மா மலையில் கொழுந்து பறிப்பாள்.

அம்மாவுக்கு வீட்டைச் சோடிக்கும் பைத்தியம் இருந்தது. பைத்தியம் என்பது அப்பா வைத்த பெயர், நானாக இருந்தால் ஆசை என்றுதான் சொல்வேன். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாக் குப்பைக் குழியிலிருந்து மூக்குடைந்த தேநீர்க் குடுவையைப் பொறுக்கிவந்து அதில் காட்டுப் பூவைச் செருகி வைத்தாள். கேக் வைக்கும் உயரமான கண்ணாடித் தட்டு ஒன்று கிடைத்தபோது, இவ்வளவு அழகான பீடம் சாமிக்கு அல்லாமல் வேறு யாருக்காக இருக்க முடியும் என்று முடிவுசெய்து அதில் பிள்ளையாரை ஏற்றி உட்கார வைத்தாள். இன்றுவரை அவர் அதில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகலை பசாருக்குப் போனால் காய்கறிக்கு முன்னால் பழைய சாமான் கடைக்குத்தான் போவாள். அந்தக் கடைக்கார முஸ்லிம் அண்ணன், நாங்கள் “நானா” என்று கூப்பிடுபவர், அம்மாவின் தலை தெரிந்ததுமே, “வாங்க தங்கச்சி, இது ஒங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்” என்பார். அது பெரும்பாலும் வேறு யாரும் சீந்தாத பொருளாக இருக்கும்.

“வீடு சின்னதா இருந்தா ஆசையும் சின்னதா இருக்கணும்னு யாரு சொன்னா?” என்பாள் அம்மா, அப்பா முகத்தைச் சுளிக்கும் ஒவ்வொரு முறையும்.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்த வருடம் தோட்டத்துக்குத் துரை மாறினார். புதிய துரைக்குப் பழைய சாமான் பிடிக்காது என்று பங்களாவிலிருந்த அத்தனையையும் புல்தரையில் இறக்கி விற்பனைக்கு வைத்தார்கள். முதலில் உத்தியோகத்தர் பார்க்க வேண்டும், அவர்கள் எடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு முறை. அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் கடிகாரத்தை எடுத்தார், தொழிற்சாலையின் டீமேக்கர் நாற்காலிகளை எடுத்தார். அம்மாவோ எதையும் பார்க்காமல் ஒரே ஒரு பொருளின் முன்னால், யாரும் அதைத் தொட்டுவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு காலையிலிருந்து நின்றாள். பங்களாவின் கணப்புக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடி அது. ஆறடி அகலம், உயரம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். சுற்றிலும் பொன்வண்ணம் பூசிய மரச்சட்டம், உச்சியில் பூக்கூடை போலச் செதுக்கிய ஒரு கொண்டை. எடுத்துப் போவதற்கே எட்டுப் பேர் வேண்டும் என்பதால் உத்தியோகத்தர் யாரும் அதன் பக்கம் வரவில்லை. தீபாவளிச் சேலைக்கென்று வைத்திருந்ததை அம்மா அங்கேயே முடிச்சவிழ்த்துக் கொடுத்தாள்.

பெரிய கிளாக்கர் கண்ணாடியின் பின்பக்கம் ஒட்டியிருந்த மக்கிப்போன தாளை வாசித்துவிட்டு, “பாக்கியம், இது பிரான்சுல இருந்து கப்பல்ல வந்த சாமான். ஒங்க காம்பராவுல எங்க வைப்ப?” என்றார்.

“அளந்துட்டுத்தாங்க ஐயா வந்தேன்” என்றாள் அம்மா. உண்மைதான். முந்தின நாளே பங்களா சமையற்காரரைக் கெஞ்சி உள்ளே போய்க் கண்ணாடியைக் கயிற்றால் அளந்து, அதே கயிற்றை எங்கள் நடுச்சுவரில் வைத்துப் பார்த்திருந்தாள்.

அந்த ஊர்வலத்தை நான் எப்படிச் சொல்ல? எங்கள் மாரியம்மன் தேருக்குக்கூட அவ்வளவு கூட்டம் பின்னால் போனதில்லை. எட்டு ஆண்கள் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பங்களா மேட்டிலிருந்து இறங்க, அதன் முகம் பின்பக்கம் பார்த்திருந்ததால், பின்னால் போன எங்களுக்கு எங்களையே பார்த்துக்கொண்டு நடக்கும் வாய்ப்புக் கிடைத்தது. என் முழு உடம்பையும் நான் பார்த்தது அதுதான் முதல் முறை. என் கால்கள் இவ்வளவு குச்சியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

லயத்துக்கு வந்தோம். இஸ்தோப்பில் ஏற்றினார்கள். கதவுக்கு நேரே கொண்டுவந்தார்கள். நின்றார்கள்.

லயத்துக் கதவு எப்படிப்பட்டதென்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவே குனிந்துதான் நுழைவார். கண்ணாடியை நிமிர்த்திப் பார்த்தார்கள், படுக்க வைத்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள்; எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு முழம் மிஞ்சியது. அப்பா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, “சொவத்த அளந்தியே மகராசி, கதவ அளந்தியா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அன்று அவள் சாப்பிடவுமில்லை.

கதவு நிலையை ஒரு முழம் வெட்டினால் வேலை முடிந்தது. ஆனால் லயம் எங்களுடையதல்லவே. தோட்டத்துச் சுவரில் ஆணி அடிப்பதற்கே உத்தரவு கேட்க வேண்டிய காலம். வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான்தான் என்பதால் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. “மதிப்புக்குரிய துரை அவர்களுக்கு, எங்கள் கதவு சிறியதாகவும் எங்கள் கண்ணாடி பெரியதாகவும் இருக்கிறபடியால்” என்று தொடங்கினேன். பதில் வரவில்லை. இரண்டாவது கடிதத்தில் கண்ணாடியின் படத்தையும் வரைந்து அனுப்பினேன். அதற்கும் வரவில்லை.

இதற்குள் கண்ணாடி இஸ்தோப்பில் குடித்தனம் நடத்தத் தொடங்கிவிட்டது. “பிரெஞ்சுக்காரி” என்று லயம் அதற்குப் பெயர் வைத்தது. காலையில் “பெரட்டு”க்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்குப் போகுமுன், பெண்கள் கூடையோடு வந்து நிற்பார்கள். இடுப்பில் “படங்கு”ச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொள்வதிலும் ஒரு நளினம் இருக்கிறது என்பதை அவர்கள் அந்த மாதம்தான் கண்டுபிடித்தார்கள். பக்கத்துக் காம்பரா சிவகாமி அக்கா பொட்டு வைக்கும்போது அவர் தோளுக்கு மேலே இரண்டு முகம், அதற்குப் பின்னால் மூன்று முகம், ஓரத்தில் எட்டிப் பார்க்கும் என் முகம் என்று கண்ணாடி நிறைந்திருக்கும். “கொஞ்சம் தள்ளுங்கடி, பிரெஞ்சுக்காரிக்கு என் மூஞ்சியையும் காட்டிக்கிறேன்” என்று வயதானவர்களும் இடித்துக்கொண்டு வருவார்கள். அம்மாவுக்கு இதில் பெருமை ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம். காரணம், பெரிய மழை நெருங்கிக்கொண்டிருந்தது. ஈரக்காற்றில் கண்ணாடியின் பின்னால் பூசிய ரசம் ஒரு மூலையில் ஏற்கெனவே கறுத்துவிட்டது. எங்கள் பக்கம் மழை தொடங்கினால் மாதக் கணக்கில் விடாது, சாரல் இஸ்தோப்பு முழுவதையும் நனைக்கும். ஒரு மழைக்காலம் வெளியே நின்றால் அது கண்ணாடியாக இருக்காது, வெறும் சட்டமாகத்தான் இருக்கும். அம்மா அண்ணாந்து வானத்தையும் குனிந்து கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலையில் “கண்டாக்கு” வந்துவிட்டார். மலை வேலைகளைப் பார்க்கும் உத்தியோகத்தர். அரைக்கால் சட்டையும் முழங்கால்வரை “மேசு” என்னும் காலுறையும் அணிந்து, அவர் வரும் சத்தத்துக்கே நாய்கள் ஒதுங்கும். பெரட்டுக்குப் பெண்கள் பிந்தி வருவது எதனால் என்று விசாரிக்க வந்தவர், எங்கள் இஸ்தோப்பில் கண்ணாடிக்கு நேரே நின்று, “என்னா நடக்குது இங்க?” என்று ஒரு சத்தம் போட்டார். பெண்கள் சிதறி ஓடினார்கள். அவர் மட்டும் கண்ணாடியில் மிச்சமிருந்தார். தலையிலிருந்து கால்வரை தம்மைப் பார்த்தார். ஒரு கால் மேசு கணுக்கால்வரை வழிந்திருந்தது. குனிந்து அதை மெதுவாக மேலே இழுத்துவிட்டார். மீசையை ஒதுக்கினார். பிறகு பேசியபோது குரல் பாதியாகியிருந்தது.

“திங்கக்கெழமைக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது பாக்கியம். ஆபிசுல பேச்சு அடிபடுது. வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க.”

அம்மா அழுதுவிட்டாள். யாருக்கும் பயப்படாத என் அம்மா அழுவதைப் பார்த்து நானும் அழுதேன். “எங்கங்க ஐயா கொண்டு போறது? ஒரு மொழம் கதவ வெட்டத்தான கேட்டோம்? வேற என்னாங்க கேட்டோம்?”

அவர் குனிந்து காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தார். நடுவில் ஒரு வாளி இருந்தது.

“அது என்னா வாளி?”

“தகரம் ஒழுகுதுங்க. மூனு வருசமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம்” என்றார் அப்பா.

கண்டாக்கு கூரையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மறுபடி கூரையைப் பார்த்தார். “கதவுல கை வைக்க எனக்கு அதிகாரம் இல்ல. ஒழுகுற தகரத்த மாத்த இருக்கு. நாளைக்கு ஆளு அனுப்புறேன். தகரத்தக் கழட்டுனா மத்தியானம் வரைக்கும் கூரை தெறந்துதான் கெடக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “அந்த நேரத்துல நா இந்தப் பக்கம் வர மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் தகரங்கள் கழன்றன. எங்கள் காம்பராவுக்குள் நின்று நான் வானத்தைப் பார்த்தது அன்றுதான். நாலு பேர் சுவர்மேல் ஏறிக்கொள்ள, நாலு பேர் கீழிருந்து கொடுக்க, கயிறு கட்டிய கண்ணாடி மெல்ல மேலேறி, இரண்டு கூரைச் சட்டங்களுக்கு நடுவில் ஒருக்களித்து உள்ளே இறங்கத் தொடங்கியது. பாதியில் கொண்டை சிக்கிக்கொண்டது. மலைக்குப் பின்னால் மழை இரைந்துகொண்டு வந்தது. பன்னிரண்டு வீட்டுச் சனமும் ஆளுக்கொரு யோசனை சொல்லிக் கத்தியது.

“அந்தப் பூவ மட்டும் அறுத்துப்புடுவோமா?” என்று மேலிருந்து அப்பா கேட்டார்.

“ஒங்க தலைய அறுத்துட்டு அப்புறம் அதுல கை வைங்க!” என்றாள் அம்மா, கீழே இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு, எட்டு ஆள் பாரத்தைத் தான் ஒருத்தியே பிடித்துவிடுவாள் போல.

சிவகாமி அக்காவின் புருசன் கயிற்றை ஒரு பக்கம் தளர்த்தினார். கொண்டை நழுவியது. கண்ணாடி இறங்கி, நடுச்சுவரில், கயிற்றால் அளந்த அதே இடத்தில் போய்ச் சாய்ந்தது. கடைசித் தகரத்துக்கு ஆணி அடித்து முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. வாளியில் ஒரு சொட்டு விழவில்லை. மூன்று வருடமாக நாங்கள் கேட்டுக் கிடைக்காத கூரையைப் பிரெஞ்சுக்காரி ஒரே நாளில் வாங்கித் தந்துவிட்டாள்.

அம்மா விளக்கேற்றினாள். விளக்கு இரண்டாகியது, அறை இரண்டாகியது. நாலு பேர் எட்டுப் பேரானோம். “இப்ப எட்டுப் பேருக்கும் நான்தான் அரிசி வாங்கணுமா?” என்றார் அப்பா. அம்மா அப்போதுதான், ஒரு மாதத்துக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்தாள். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் கூடையும் பொட்டுமாகப் பெண்கள் நிற்கிறார்கள். அன்றிலிருந்து பிரெஞ்சுக்காரியைப் பார்க்க எங்கள் அடுப்பைத் தாண்டி வருவது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. லயத்து மணப்பெண்கள் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் சோடித்துக்கொண்டார்கள்.

அந்த ஆசை எனக்கும் தொற்றிவிட்டது. பழைய பொருட்களைத் தேடி வாங்கி, விடுதிகளாக மாறிவிட்ட பங்களாக்களைச் சோடித்துக் கொடுப்பதுதான் இன்று என் தொழில். நுவரெலியா, ராகலை, அட்டன் என்று சுற்றாத பழைய சாமான் கடை இல்லை. சென்ற ஆண்டு, பாரிசில் வேலை பார்க்கும் தம்பி அழைத்து அங்கே போனபோதும், கோபுரத்தைப் பார்க்கப் போகாமல் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைக்குத்தான் முதலில் போனேன். தெரு நெடுக விரிப்பில் கரண்டிகள், சாவிகள், யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் படங்கள். ஒரு மூலையில் பிரெஞ்சுக்காரியின் கூடப் பிறந்தவள் போல ஒரு கண்ணாடி சாய்ந்திருந்தது. அதே கொண்டை, அதே பூக்கூடை. முன்னால் போய் நின்றேன். நான் மட்டும் தெரிந்தேன். தோளுக்குப் பின்னால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தவள் போல நின்றுகொண்டே இருந்தேன், தம்பி வந்து, “என்னாக்கா, வாங்கப் போறியா?” என்று கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நகர்ந்தேன்.

எங்கள் லயம் இப்போது இல்லை. அதை இடித்தபோது சுவரே போய்விட்டதால் பிரெஞ்சுக்காரி வெளியே வரக் கதவும் தேவைப்படவில்லை, கூரையும் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் தனித்தனி வீடு, தனித்தனி வாசல், இடையில் வேலி. சிவகாமி அக்கா இப்போது மேட்டில் அடுத்த வரிசையில் இருக்கிறார். அப்பா புதிய வீட்டைப் பார்க்க இல்லை. வீடு கட்டும்போது அம்மா மேசனோடு சண்டை போட்டு வாங்கிய ஒரே பொருள் உயரமான ரெட்டைக் கதவு. கண்ணாடி அதன் வழியாகத் தலை குனியாமல் உள்ளே போனது. அம்மா அன்று கதவின் இரு பக்கமும் சூடம் ஏற்றினாள்.

ஆறு மாதம் கழித்து நான் போயிருந்தபோது, “இத வெளிய எடுத்து வைக்கணும். ஆளக் கூட்டிட்டு வா” என்றாள்.

“என்னாம்மா சொல்றீங்க? மழையில ரசம் போயிருமே. இதுக்குத்தான அன்னைக்கு அம்புட்டு அழுதீங்க?”

“போனாப் போகுது. உள்ள வச்சா நா மட்டுந்தான் தெரியிறேன்.”

எடுத்து வைத்தோம். வாசலில், பாதையைப் பார்த்தபடி, சாரல் அதிகம் படாத ஓரமாக. அடுத்த நாள் காலை ஏழு மணி பஸ்சுக்கு ஓடிய இரண்டு பெண்பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தயங்கினார்கள். கையில் ஆளுக்கொரு கைபேசி, அதிலேயே முகம் பார்க்கத் தெரிந்தவர்கள்தான். இருந்தாலும் ஒருத்தி மெல்லப் படலைத் தள்ளி உள்ளே வந்து, கண்ணாடி முன் நின்று பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாள், மற்றவளும் வந்து அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அம்மா தேநீரோடு வெளியே வந்து இருவருக்கும் பின்னால் போய் நின்று, “கொஞ்சம் தள்ளுங்கடி” என்றாள்.