கண்ணாடித் தடுப்புக்கு இருபுறமும்

சோரியாங்குப்பத்துக் கரும்பு விவசாயி அரங்கநாதனின் மகள் செல்வகுமாரி, வில்லியனூரில் பயிர்க் காப்பீட்டுப் படிவங்களைக் கணினியில் ஏற்றும் தனியார் அலுவலகமொன்றில் ஆறாண்டுகள் பணியாற்றியவள். கடைத்தெரு பக்கீர் முகமதுவின் மகள் அஃப்ரினும் அவளும் ஒரே மேசையில் அமர்ந்தனர். அஃப்ரின் உரக்க வாசிப்பாள். இவள் தட்டச்சு செய்வாள். நடவு வரிசையில் பக்கத்துக் கைக்கு ஈடுகொடுத்து வளர்ந்தவளுக்கு அம்முறை இயல்பாய் வாய்த்தது. நாவும் கையும் ஒருங்கே இயங்குவது தொழுவோர்க்கு மட்டுமன்று, தொழில் செய்வோர்க்கும் உரியதே.

"முகமதுன்றத இனிஷியலா போட்டுடாதடி, அது பேரு" என்று அஃப்ரின் தடுப்பாள்.

"ஏரிக்குக் கீழ இருக்கற நஞ்சைய புஞ்சைன்னு எழுதிக்கிறான் பாருடி" என்று இவள் பிடிப்பாள்.

நாளுக்கு ஒன்றிரண்டு பிழைக்குமேல் நேர்ந்ததில்லை.

தை மாதம் புதிய மேலாளராக வந்த அன்புராஜ், எவரையும் கேளாமல் ஆளுக்கொரு கண்ணாடித் தடுப்பை எழுப்பினார். தனித்து, வாய்மூடி இருந்தால்தான் கவனம் கூடும் என்றார். இரண்டே மாதத்தில் செல்வகுமாரியின் பிழைகள் நாளுக்குப் பதினைந்தாயின. முகமது யாசின் என்ற விவசாயி 'மு. யாசின்' என்று ஏறியதால், வங்கிக் கணக்கின் பெயரோடு பொருந்தாமல் அவருடைய இழப்பீடு திரும்பிப் போயிற்று.

அன்புராஜ் அவளை அழைத்து ஒரு தாளை நீட்டினார். 'என் கவனக்குறைவால் பிழைகள் நேர்ந்தன' என்று அச்சிட்டிருந்தது. கையெழுத்திட்டால் இன்னும் ஓராண்டு வேலை. மறுத்தால் அன்றோடு சரி.

"வாயக் கட்டிப்போட்டது நீங்க. கவனக்கொறவு எனக்கா சார்?"

"கத்திக்கினே வேலை செய்றதுக்கு இது இன்னா நாத்து நடுற எடமாம்மா?"

செல்வகுமாரியின் முகம் சிவந்தது. "அங்க கோணலா நட்டா பக்கத்துல நிக்கிறவ சொல்லுவா சார். இங்க சொல்றவளுக்கும் எனக்கும் நடுவுல செவுரு வச்சிட்டு, என்னயே குத்தவாளின்றீங்களே!"

"போடறியா, இல்லியா?"

தடுப்புக்கு அப்பால் அஃப்ரின் தலைகவிழ்ந்திருந்தாள். ஆறாண்டு ஓயாத வாய் இன்று மட்டும் அடைத்துக்கொண்டதா? அவள்மீதும் சினம் மூண்டது.

செல்வகுமாரி 'என் கவனக்குறைவால்' என்பதைத் தாள் கிழியுமளவு அடித்தாள். மேலே 'மேலாளர் வைத்த தடுப்பால்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

அன்புராஜ் தாளைக் கசக்கி எறிந்தார். "கார்டக் கழட்டி வச்சிட்டுப் போ."

அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் அறைந்தாள். "யாசின் நாளைக்கு வந்து நிப்பாரு. அவருக்கு இன்னா பதில் சொல்லப்போற?"

அவர் காவலாளியை அழைக்க மணியை அழுத்தினார். அவன் வருமுன்னரே அவள் படியிறங்கிவிட்டாள்.