எழுத்துக்கும் தாலிக்கும் நடுவில் ஒரு வரிக்கணக்கு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்ததைச் சொல்வது சுலபம்.

கார்த்திகை மாதத்தில் எங்கள் இருவருக்கும் எழுத்து முடிந்திருந்தது. திருமணப் பதிவை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். கனடாவில், வோபர்னில் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறைக்குப் பதிவாளர் வந்தார். இரண்டு பக்கத்துப் பெற்றோரும் நிற்க, கையெழுத்து வைத்தோம், கேக் வெட்டினோம், ரோல்ஸ் சாப்பிட்டோம். தாலி கட்டுவதற்கு நல்ல நாளும் மண்டபமும் ஒன்றாகக் கிடைத்தது அடுத்த ஆவணியில்தான். ஆகவே, கேக் தட்டைக் கழுவி வைப்பதற்குள் என் கணவர் தன் தாய் தகப்பனோடு காரில் ஏறி அஜக்ஸில் இருக்கும் தங்கள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து படுக்கும் அதே கட்டிலில் போய்ப் படுத்தேன்.

தாலி ஏறும்வரை அவர் விருந்தாளி என்பது அம்மாவின் சட்டம். வரலாம், தேத்தண்ணி குடிக்கலாம், முன்னறையில் இருந்து கதைக்கலாம். மாடிப்படியில் கால் வைக்கக் கூடாது. அவரும் ஒரு நல்ல பிள்ளை, அந்தப் படி இருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அதுவே எனக்கு எரிச்சல்.

பங்குனியில் வேலையிடங்களிலிருந்து வரித்தாள்கள் வந்தன. இருவரும் சேர்ந்து வரி செய்வோம் என்று நான்தான் சொன்னேன். இங்கே ஆளுக்கொரு படிவம்தான். ஆனால் கல்யாணம் முடித்தவர்கள் என்றால் ஒருவர் படிவத்தில் மற்றவரின் விவரமும் வர வேண்டும். உண்மையில் வரியில் எனக்கு ஒரு ஆசையும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இருக்க ஒரு சாட்டு வேண்டியிருந்தது. "கவுண்மேந்து அலுவல் எண்டால் செய்யத்தானே வேணும்" என்று அம்மாவும் விட்டுவிட்டார். சாப்பாட்டு மேசையில் லப்டொப்பை வைத்தோம். அம்மா குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கத்தரிக்காய் வெட்டி முடியவே முடியாது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் குசினியிலிருந்து பார்த்தால் மேசை நேராகத் தெரியும். அப்பா சோபாவில் படுத்தபடி போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் என் கணவருடைய படிவம். பெயர், பிறந்த திகதி, முகவரி என்று தட்டிக்கொண்டே போனார். நான் அவருடைய தோளோடு தோள் பட இருந்து, அவர் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டுவதை ரசித்துக்கொண்டிருந்தேன். அடுத்து, வருடத்தின் கடைசி நாளான மார்கழி முப்பத்தோராம் திகதி நீங்கள் கல்யாணம் முடித்தவரா, தனி ஆளா என்ற கேள்வி வந்தது. அவர் யோசிக்கவேயில்லை. 'சிங்கிள்' என்பதை அமத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

"பொறுங்கோ. இப்ப என்ன அமத்தினீங்கள்?"

"சிங்கிள்."

"ஏன்?"

"தாலி இன்னும் கட்டேல்லைத்தானே?" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை. நாளைக்கு மழையாம் என்பதுபோல அமைதியாகச் சொன்னார்.

எனக்கு உச்சிமயிர் வரைக்கும் சூடு ஏறியது. கார்த்திகையில் கையெழுத்து வைத்த மறுநாள் வேலையில் எல்லோருக்கும் நான் கல்யாணம் முடித்துவிட்டேன் என்று சொல்லி இனிப்புக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் நான் அவருடைய மனைவி என்றுதான் எழும்பினேன். அவர் மட்டும் ஏதோ மண்டபம் புக் பண்ணியதுபோல நினைத்திருக்கிறார். அழுகை வந்தது. அழுகைக்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"அப்ப நான் ஆர் உமக்கு? பதிவாளர் என்ன கேக் சாப்பிடவே வந்தவர்?" கோபம் வந்தால் என் வாயில் 'நீங்கள்' போய் 'நீர்' வந்துவிடும்.

அவர் பயந்துபோய்க் குசினிப் பக்கம் பார்த்தார். "அன்ரிதானே சொன்னவ, தாலி கட்டுமட்டும் நாங்கள் தனித்தனி எண்டு..."

"ஓம், பிள்ளை போட்டது சரிதானே" என்று குசினியிலிருந்து தீர்ப்பு வந்தது.

நான் விடவில்லை. அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் விளக்கம் இருந்தது, அதை அமத்தி அம்மாவுக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னேன். சட்டப்படி பதிந்திருந்தால் கல்யாணம் முடித்தவர்கள்தான். இரண்டு பேரும் சண்டை பிடித்துப் பிரியாமல், வேலை, படிப்பு போன்ற வேறு காரணங்களுக்காக வேறு வேறு வீட்டில் இருந்தாலும் கல்யாணம் முடித்தவர்கள்தான்.

அம்மா கத்தியோடு மேசைக்கு வந்துவிட்டார். "வேற என்ன காரணமாம்?"

நானும் அவரும் அம்மாவைப் பார்த்தோம். சோபாவில் அப்பாவின் வயிறு சிரிப்பில் குலுங்கியது.

"உந்தக் கவுண்மேந்துக்கு எங்கட பழக்கம் என்ன தெரியும்? தாலி கட்டாத கல்யாணம் ஒரு கல்யாணமே?" என்றார் அம்மா.

அப்போதுதான் அப்பா போனை நெஞ்சில் கவிழ்த்து வைத்தார். எங்கள் வீட்டில் அம்மா பேசும்போது அப்பா வாய் திறப்பது அபூர்வம். "இஞ்சரும், உம்மை இஞ்சை எடுக்க நான் ஸ்பொன்சர் போம் நிரப்பேக்கை, உம்மை என்னெண்டு போட்டனான்? மனைவி எண்டெல்லோ போட்டனான். அப்ப தாலி எங்கை இருந்தது?"

அந்தக் கதை எனக்குத் தெரியும். அப்பா கனடாவிலிருந்து கொழும்புக்குப் போனபோது, அவருடைய தகப்பன் இறந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. அதனால் எழுத்தை மட்டும் முடித்துவிட்டுத் திரும்பினார். அம்மாவுக்கு விசா வர இரண்டு வருடம் பிடித்தது. தாலி இங்கே ஒரு கோயிலில்தான் ஏறியது. வீட்டில் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார்கள். விமான நிலையத்தில் அம்மா வேறு யாரையோ அப்பா என்று நினைத்துச் சிரித்துவிட்டதைச் சொல்லி எல்லோரும் சிரிப்போம்.

அன்றைக்கு அம்மா சிரிக்கவில்லை.

"அந்த ரெண்டு வருசமும் நான் என்ன பட்டனான் எண்டு உங்களுக்குத் தெரியுமே?" என்று அப்பாவைக் கேட்டார். "ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால், குமருகளோடை போய் இருக்கிறதோ, முடிச்ச பொம்பிளையளோடை இருக்கிறதோ எண்டு தெரியாமல் வாசல்லையே நிண்டனான். எழுத்து முடிஞ்சவள் எண்டுதான் சொல்லுவினம், இன்னாரின்ரை மனுசி எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. என்ரை பிள்ளை உப்பிடி அந்தரத்திலை நிக்கக் கூடாது. அதுக்குத்தான் தாலி கட்டுமட்டும் ஒண்டுமே தொடங்க வேண்டாம் எண்டு சொல்லுறன்."

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மாவின் கையிலிருந்து கத்தியை மெதுவாக வாங்கி மேசையில் வைத்தேன்.

"அம்மா, நான் இப்ப அந்தரத்திலைதானே நிக்கிறன்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பாவம், அந்த மனுசன் வந்த நாள் முதல் இந்த வீட்டில் மூச்சைக்கூட அனுமதி கேட்டுத்தான் விட்டவர். இப்போது லப்டொப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. நான் மாத்திப் போடப் போறன்" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் நடுங்கியது. அந்த நடுக்கத்துக்காகவே அவரை எனக்கு இன்னும் கூடப் பிடித்துப்போனது.

அம்மா கதிரையை இழுத்து எங்கள் இருவருக்கும் எதிரே இருந்தார். "அதுக்கேன் பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள்? கெதியா அமத்துங்கோவன்."

அவர் அமத்தினார். உடனே துணையின் விவரம் கேட்டுப் புதிய பெட்டிகள் வந்தன. என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். என் பிறந்த திகதியை ஒருவரையும் கேட்காமல் போட்டார். துணையின் முகவரியும் இதுதானா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டபோது, அம்மா சீலைத் தலைப்பால் மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. அஜக்ஸிலிருந்து அவருடைய அம்மா. பனியில் வழி சறுக்குகிறது, இருட்ட முதல் வந்து சேர் என்று சொன்னது எங்களுக்கும் கேட்டது. அவர் எழும்பத்தான் பார்த்தார். அம்மா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"ஓம் சம்மந்தி, நான்தான். மருமோன் இஞ்சைதான் நிக்கிறார். புருசன் பெண்சாதி ரெண்டு பேருமா இருந்து வரி செய்யினம். ஆறுதலாச் செய்யட்டும். வழி சறுக்கினால் இண்டைக்கு இஞ்சையே நிக்கட்டும், மேலை அறை இருக்குத்தானே."

அப்பா சோபாவில் எழும்பி உட்கார்ந்துவிட்டார். என் கணவர் அடுத்த கேள்வியை எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்ப வாசிக்கச் சொன்னேன்.