கொழும்பில் குளிருமா?

என் கணவரின் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் கைப்பேசியில்தான் வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் துணிக்கடை வேலை, லீவு கிடைக்காது, அவருடைய அம்மாவும் அவரோடு அங்கேதான் இருக்கிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீடியோவில் பார்த்துப் பேசி, பிடித்திருந்தால் அடுத்த மாதமே நிச்சயமாம். அந்த அவசரமே எனக்கு உறுத்தியது. ஆனால் அவளுக்கு இருபத்தேழு வயது. ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் மாமியார் உடைந்துபோவார். கணவர் வெளியூரில் வேலையில் இருந்ததால், படித்த மருமகள் என்று பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது.

எங்கள் வீடு மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு காம்பரா, அந்த அறைக்கு நல்ல வெளிச்சம் வருவது முன்கதவு வழியாக மட்டும்தான். அவளைக் கதவைப் பார்த்து உட்காரவைத்தேன். பின்னால் ஈரம் ஊறிக் கறுத்த சுவர். அதை மறைக்கப் புதுப் படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டேன். முகம் கீழிருந்து தெரியாதபடி என் கைப்பேசியை இரண்டு பால்மா டின்களின் மேல் சாய்த்தேன். பவுடர் அதிகம் என்று துடைத்தேன். பிறகு குறைந்துவிட்டதோ என்று மறுபடி போட்டேன்.

"அண்ணி, சுவத்துக்கு வெள்ள அடிக்கிற மாதிரி அடிக்காதீங்க" என்றாள்.

சனவரிக் காலை. திறந்த கதவு வழியே பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. சேலை எடுப்பாகத் தெரியவேண்டும் என்று அவளுடைய ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னேன். கைகளில் மயிர்க்கூச்செறிந்தது. "கைய முந்தானைக்குள்ள வெச்சுக்க. நடுங்குறது தெரியப்போகுது" என்றேன்.

மாப்பிள்ளை திரையில் வந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, பின்னால் வெள்ளைத் திரைச்சீலை. அதில் கடையில் மடித்த கோடுகள்கூட மறையவில்லை. நாங்கள் சுவரை மறைத்திருக்கிறோம், இவர்கள் எதை மறைக்கிறார்கள்? ஒரு துணியைப் பார்த்து ஒரு மனிதரைச் சந்தேகிப்பதா என்று என்னையே கடிந்துகொண்டேன். அப்போதுதான் அவர் நெற்றியில் ஒரு சிவந்த கோட்டைக் கண்டேன். கம்பளித் தொப்பியை இப்போதுதான் கழற்றியவர்களுக்கு விழும் கோடு அது.

இடுப்பிலிருந்த என் இளைய குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டேன். "அங்க வெயிலுங்களா?"

"சரியான சூடுங்க. ராத்திரியெல்லாம் ஃபேன் போட்டாத்தான் தூக்கம்."

சொல்லும்போதே அவர் வாயிலிருந்து ஆவி வெள்ளையாக வந்தது. மாமியார் என் முழங்கையைக் கிள்ளினார். ஆனால் பெண்ணும் பார்த்துவிட்டாள்.

"அவ்வளவு சூட்டுல வாயில பொக வருதே. சிகரெட்டுங்களா?"

"ஐயோ, எம் புள்ள சிகரெட்டக் கையால தொடமாட்டான்!" திரைக்கு வெளியேயிருந்து அவருடைய அம்மாவின் குரல் பாய்ந்து வந்தது.

"அப்ப குளிருதா?"

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

"வந்த மாப்பிள்ளைய ரெண்டு பேரும் சேந்து வெரட்டிட்டீங்களேடி! இனி அந்தத் தரகர் நம்ம வாசப்படி ஏறுவாரா?" மாமியார் அழத் தொடங்கினார். நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் அவளும் கவனித்திருக்கமாட்டாளோ? அவள் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனோ?

கால் மணி நேரம் கழித்து அதே எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு. இம்முறை அவர் வெளியே நின்றிருந்தார். தலையில் தொப்பி, உடம்பில் ஸ்வெட்டர், பின்னால் தேயிலை மலை.

"கொழும்புல இல்லீங்க, இங்க மலையில டிக்கோயாவுலதான் இருக்கேன். கடையில ஆள் கொறச்சாங்க, வேல போயி மூணு மாசமாச்சு. இப்ப மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போறேன். கொழும்புன்னு சொல்லச் சொன்னது அம்மாதான். ஆனா சொன்னது நான்தானே. பொண்ணுகிட்ட ஒரு அஞ்சு நிமிசம் பேசலாமா?"

நான் பதில் சொல்லுமுன் நாத்தனார் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசல் இஸ்தோப்புத் திண்ணைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பேச்சு கேட்கவில்லை. ஒரே ஒருமுறை அவள் சிரித்தது கேட்டது. அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. பொய்யை இவ்வளவு அழகாக ஒப்புக்கொள்கிறவர், வேறு எதை அழகாக மறைப்பார்?

உள்ளே வந்து சொன்னாள். "அடுத்த ஞாயித்துக்கெழம பஸ்ஸேறி வரச் சொல்லிட்டேன். தனியா."

"அவங்கம்மா இல்லாமயா?" என்றார் மாமியார், மூக்கைத் துடைத்தபடி.

"அவங்க வந்தா அவங்கதானே பேசுவாங்க. நேர்ல பாத்து எனக்குப் பட்டதச் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்காதீங்க."

சரி என்று தலையாட்டினேன். பிறகு கைப்பேசியை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், டிக்கோயாவில் இருக்கும் என் பள்ளித்தோழிக்கு, தரகர் தந்திருந்த அவருடைய படத்தை அனுப்பினேன். இவரைத் தெரியுமா, குடிப்பழக்கம் உண்டா, விசாரித்துச் சொல் என்று எழுதினேன்.

"யாருக்கு அண்ணி மெசேஜ்?" பின்னால் நாத்தனார் நின்றிருந்தாள்.

"மூத்தவனோட பாலர் பாடசாலை டீச்சருக்கு" என்றேன்.