ரெண்டு கோல் பின்னால்

டிவியில் ரெண்டு கோல் வாங்கிய அணியின் மேனேஜர் கைகட்டி நிற்கிறார். இடைவேளை விசில் சத்தம் என்னை எங்கள் சுரங்க ஊரின் ஸ்கெலட்டன் மைதானத்துக்கு இழுத்துப்போகிறது.

அன்று சுரங்க ஆபீசர்கள் அணியிடம் நாங்களும் ரெண்டு கோல் பின்தங்கியிருந்தோம். தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பையன்களான எங்களுக்கு அப்பாதான் கோச். ஷிஃப்ட் முடித்து, உடம்பில் வெடிமருந்து வாடையோடு அப்படியே வந்திருந்தார்.

இடைவேளையில் கேப்டன் அந்தோணி, "இன்னாண்ணா செய்யறது? எல்லாரும் பின்னால நின்னு தடுத்தா மானமாவது மிஞ்சும்" என்றான்.

"தடுத்தது போதும். பேக் ஆடுற ரெண்டு பேரும் மேல ஏறுங்க" என்றார் அப்பா.

இன்னும் ரெண்டு வாங்கினோம். ஆனால் அந்தோணியும் ஒன்று போட்டான். அவர்களுடைய கோல்கீப்பர் செம்மண்ணில் விழுந்து புரண்டார். எங்கள் லைனே எழுந்து ஆடியது.

ஆட்டம் முடிந்ததும் எதிரணி மேனேஜர் சிரித்தபடி அப்பாவிடம் வந்தார். "சும்மா இருந்திருந்தா ரெண்டோட போயிருக்குமே?"

"போயிருக்கும் சார்," என்றார் அப்பா. "உங்க கோல்கீப்பரும் சட்டையில அழுக்குப் படாம ஊட்டுக்குப் போயிருப்பாரு."