படிவத்தின் இரண்டாவது கேள்வி

எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன் என்கிற மனிதன், நிறுக்கும்போது நடுங்குகிற தன் கையை எந்தத் தட்டில் வைப்பான்? ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் வாழ்க்கை இந்தக் கேள்வியை ஒரே ஒரு வாரத்தில்தான் கேட்டது. மற்றபடி சொல்லிக்கொள்ளும்படியான வாழ்க்கை அல்ல. நாற்பத்து நான்கு வயது. பிறருடைய லிஃப்டுகளைப் பழுதுபார்த்துவிட்டு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடிக்கு ஏறிப்போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார்.

அந்தத் திங்கட்கிழமை மேலாளர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். ஆறு மணி நேரப் பயணத்தில் ஒரு நடுத்தர நகரம். நிறுவனம் அங்கே கிளை திறக்கிறது, பொறுப்பாளர் வேண்டும். படிவத்தில் இரண்டே கேள்விகள். போகச் சம்மதமா? உதவிக்கு உடன் ஒருவரை அழைத்துப் போகிறீர்களா, ஆம் என்றால் பெயர் என்ன? வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும்.

அவர் ஒரு பழைய பராமரிப்பு அட்டையின் பின்பக்கத்தில் நடுவே கோடு போட்டார். ஒரு பக்கம், போனால் நல்லது: மகளின் இளைப்புக்குப் புகையில்லாத காற்று, படியேற வேண்டாத தரைத்தள வீடு, பத்து நிமிடத்தில் வேலைக்குப் போகலாம். மறுபக்கம், போனால் கெட்டது: மனைவி துணி வெட்டும் வேலையை விடவேண்டும், மகளைப் பார்க்கும் மருத்துவர் இங்கேதான் இருக்கிறார், அங்கே மொத்தமே முப்பத்தொரு லிஃப்டுகள், கிளையை மூடிவிட்டால் நடுத்தெருதான்.

கடைசியாக ‘மச்சான்’ என்று எழுதினார். அடித்தார். மறுபக்கத்தில் எழுதினார். அதையும் அடித்தார்.

மனைவி அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “மூச்சு முட்டுறது அவளுக்கு. கணக்குப் போடுறது நீங்க.” அவளுடைய கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. முந்தின வாரம் மகள் மூன்றாம் மாடி வளைவில் உட்கார்ந்து, இனி ஏற முடியாது என்று கையால் சொன்னபோதே.

மச்சான் என்பது மனைவியின் அண்ணன். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை, இரவுச் சாப்பாடு தங்கை வீட்டில்தான். பதினெட்டு வருடமாக இருவரும் ஜோடியாக வேலை பார்த்தார்கள். ஒருவர் உச்சியில் மோட்டார் அறையில் இருப்பார், மற்றவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல். உள்ளே ஆள் இறங்குமுன் மோட்டார் அறையில் மின்சாரத்தை நிறுத்தி, அந்த சுவிட்சைப் பூட்ட வேண்டும். ஆளுக்கொரு பூட்டு என்பது விதி. மச்சானின் பூட்டு தொலைந்து பல வருடமாகிறது. புதிதாக ஒன்று வாங்க மூன்று கையெழுத்து வேண்டும் என்பதால் இருவரும் ஒரே பூட்டில் காலம் தள்ளினார்கள். இறங்குகிறவர் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வார். இறங்குமுன் கேட்டுக்கொள்வார்கள்: “சாவி யாருகிட்ட?” “என்கிட்ட.” வேறெந்த மந்திரமும் அவர்களிடம் இல்லை. இவ்வளவு காலம் அது போதுமானதாக இருந்தது என்பதையே அது சரியானது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். அநேகமாக எல்லோரும் அப்படித்தான் வாழ்கிறோம்.

செவ்வாயும் புதனும் மச்சான் கிண்டலிலேயே ஓட்டினார். “அந்த ஊர்ல லிஃப்டை விட ஏணிதான் ஜாஸ்தியாம். ஏணிக்கு கிரீஸ் போடுவியா மாப்ளே?” மெக்கானிக் சிரித்து வைத்தார். படிவத்தின் இரண்டாவது கேள்வியைப் பற்றி அவராக மச்சானிடம் பேச்செடுக்கவில்லை. அலுவலகத்தில் அது எல்லோருக்கும் தெரியும்.

வியாழன் காலை ஒரு எட்டு மாடிக் கட்டடம். பெட்டிக் கூரையில் இருக்கும் அவசர நிறுத்தப் பொத்தான் வேலை செய்யவில்லை, அதை மாற்ற வேண்டும். மெக்கானிக் மோட்டார் அறையில் சுவிட்சைப் பூட்டிவிட்டு, ஏழாம் மாடிக்கு இறங்கிவந்து கதவைத் திறந்து பிடித்தார். மச்சான் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். அன்று கிண்டல் இல்லை.

“அங்க வாடகையெல்லாம் விசாரிச்சேன் மாப்ளே. உங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம் கிடைச்சா எனக்குப் போதும்.”

மெக்கானிக் தான் பிடித்திருந்த கதவின் விளிம்பையே பார்த்தார். அந்த ஊருக்கு ஒரு வருமானம் போதுமா என்பதே தெரியாதபோது, ஒரு மனிதரையும் பெயர்த்துக்கொண்டு போவதா? விட்டுவிட்டுப் போவதா? மச்சான் பதிலுக்காக ஒரு கணம் பார்த்தார். பிறகு, கேட்டிருக்கக் கூடாதோ என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு கூரைமேல் இறங்கினார். சாவியைப் பற்றி இருவருமே கேட்கவில்லை.

மெக்கானிக் கதவைச் சாத்திவிட்டு மேலே ஏறிப்போய் பிரேக்கைத் துடைத்தார், எண்ணெய் பார்த்தார். மனம் அட்டையின் நடுக்கோட்டிலேயே நின்றது. கை தன் பாட்டுக்கு வேலையை முடித்தது. முடிந்ததும் என்ன செய்யுமோ அதையும் செய்தது. பையைத் தொட்டது, சாவி இருந்தது, பூட்டைத் திறந்தது, சுவிட்சைப் போட்டது. அவர் பையில் சாவி இருந்தால் கீழே ஆள் இல்லை என்றுதான் பதினெட்டு வருடமாக அர்த்தம்.

எட்டாம் மாடியில் யாரோ பொத்தானை அழுத்தினார்கள். பெட்டி மேலே கிளம்பியது.

மச்சான் கத்தவில்லை. ஸ்பேனரால் பெட்டி ஓடும் தண்டவாளத்தை அடித்தார், இரண்டே அடி. இரண்டாவது அடி விழும்போது மெக்கானிக்கின் கை சுவிட்சை இறக்கியிருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தபோது மச்சான் கூரைமேல் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஹெல்மெட்டுக்கும் மேலேயிருந்த உத்தரத்துக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி. வெளியே இழுத்துவிட்ட பிறகு மாடி நடைபாதையில் உட்கார்ந்து, நிதானமாகக் கையுறைகளைக் கழற்றினார்.

“சாவி யாருகிட்ட இருந்துச்சு?”

“என்கிட்ட, மச்சான்.”

“நானும்தான் கேக்கல.” எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். “தங்கச்சிகிட்ட சொல்லிராத. சோறு போடுறப்பெல்லாம் அழுவா.”

அன்று இரவு வழக்கம்போல வந்து சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கூடச் சாப்பிட்டார். மெக்கானிக் தட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊர் மாறுகிற கவலை என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளி மாலை ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மெக்கானிக் மேலாளரின் மேசைமுன் நின்றார். முதல் கேள்விக்கு எதிரே ‘சம்மதம்’ என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது.

“மச்சான் பேரைப் போடு. நேத்தே என்கிட்ட கேட்டுட்டுப் போனார். இதுல என்ன யோசனை?” என்றார் மேலாளர். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மச்சான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், இரண்டு பேருடைய சாப்பாட்டுப் பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு.

மெக்கானிக் அவரைப் பார்த்தார். கை தன் பாட்டுக்குப் பையைத் தொட்டது, சாவி இருந்தது. பிறகு இரண்டாவது கேள்விக்கு எதிரே ‘யாரும் வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஏன் என்று பின்னாளில் மனைவி கேட்டாள், பலமுறை. மச்சான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.